வீட்டுக்கு கெடுதல் இல்லாத பெயின்ட் எப்படி தேர்ந்தெடுக்கிறது: சுவர்ல ஆரம்பிச்சு மிச்ச டின் வரைக்கும் முழு வழிகாட்டி

எந்த பிராண்ட் நல்ல எக்கோ பெயின்ட்னு தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, ஆனா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. உங்க சுவர் எப்படிப்பட்டது, அது மேல ஏற்கனவே என்ன அடிச்சிருக்கு, அந்த ரூம்ல யார் இருக்கப் போறாங்க, இந்த மூணுக்கும் பதில் தெரியாம எவ்ளோ சுத்தமான பெயின்ட் வாங்கிட்டு வந்தாலும் ரெண்டு வருஷத்துல செதில் செதிலா உரிஞ்சு வரும், அப்புறம் திரும்ப சுரண்டு, திரும்ப ப்ரைமர், திரும்ப ரெண்டு கோட்டு. இதுல பூமிக்கும் லாபம் இல்ல, உங்களுக்கும் இல்ல. பத்து வருஷம் அசையாம நிக்கிற சாதாரண தண்ணி பெயின்ட், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அடிச்சே ஆகணும்ங்கற நேச்சுரல் பெயின்ட்ட விட பல நேரம் நல்லதுங்கறது என்னோட உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில தான் போகும்: முதல்ல சுவர், அப்புறம் தான் டின்.

பெயின்ட்குள்ள என்ன இருக்கு

எந்த பெயின்ட்ட எடுத்தாலும் நாலு சரக்கு தான். எல்லாத்தையும் ஒட்ட வைக்கிற பைண்டர், கலரும் மறைப்பும் தர்ற பிக்மென்ட் (கூட சுண்ணாம்புக்கல் தூள் மாதிரி நிரப்பு பொருள்), இதையெல்லாம் பூசுற பதத்துக்கு கொண்டு வர்ற திரவம், கடைசியா கொஞ்சூண்டு சேர்மானங்கள்.

கெடுதல் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு விதமா ஒளிஞ்சிருக்கு. திரவம் தின்னர் மாதிரி சால்வென்ட்டா இருந்தா அது காத்துல கலந்து உங்க மூச்சுக்குள்ள போகும், இதைத்தான் விஓசின்னு சொல்றாங்க, அதாவது சாதாரண வெப்பத்துலயே ஆவியாகிற கரிமச் சேர்மங்கள். தலைவலி, கண் எரிச்சல், தொண்டை கரகரப்பு எல்லாம் உடனே தெரியும். வெளிக்காத்துல இது வண்டிப் புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடோட வெயில்ல வினை புரிஞ்சு தரைமட்ட ஓசோன உண்டாக்கும், நகரத்து புகைமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம். பைண்டர் பெரும்பாலும் அக்ரிலிக், வினைல் மாதிரி பிளாஸ்டிக். பிக்மென்ட்ல வெள்ளைக்கு போடுற டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்க ஏகப்பட்ட எனர்ஜி ஆகுது, ஒரு வெள்ளை பெயின்ட் டின்னோட கார்பன் கணக்கை பிரிச்சு பாத்தா பெரும்பாலும் இதுவே பெரிய பங்கா நிக்கும். சேர்மானங்கள் அளவு கம்மி தான், ஆனா டின்குள்ள பெயின்ட் கெட்டுப் போகாம இருக்க போடுற ப்ரிசர்வேட்டிவ் சிலருக்கு தோல் அலர்ஜி கொண்டு வரும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடணும். பெயின்ட் வாசனைய நீங்க நாலு நாள் சுவாசிக்கிறீங்க, அடிக்கிறவர் வருஷம் முழுக்க சுவாசிக்கிறார். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பெயின்டர் வேலையில வர்ற வெளிப்பாட்டையே, புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான முதல் பிரிவுல வச்சிருக்கு. நல்ல பெயின்ட் தேர்ந்தெடுக்கிறதுல முதல் பலன் போறது அந்த மனுஷனுக்கு.

படி 1: சுவரை தொட்டு பாருங்க, தட்டி பாருங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடி வீட்லயே பண்ற சோதனைகள் இது, பெருசா செலவு இல்ல.

ஓதம் இருக்கான்னு பாக்க, ஒரு முழம் நீள அகலத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்ட சுவர்ல வச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டிட்டு ஒரு நாள் விடுங்க. அடுத்த நாள் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது, வெளிப்பக்கம் ஈரமா இருந்தா அது ரூம் காத்துல இருக்கிற ஈரம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. சுவருக்குள்ள இருந்து வர்ற ஈரத்துக்கு எந்த பெயின்ட்டும் மருந்து கிடையாது, பைப் கசிவையோ வெளிச்சுவர் விரிசலையோ சரி பண்ணி நல்லா காய விட்டுட்டு தான் மத்த பேச்சு. வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்தா காய்ஞ்ச ப்ரஷ்ஷால தட்டி எடுங்க, தண்ணி விட்டு கழுவாதீங்க, கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள தான் போகும்.

அடுத்து சுவர் தண்ணி குடிக்குதான்னு பாருங்க. கையில கொஞ்சம் தண்ணிய தெளிச்சா சட்டுனு உறிஞ்சி அந்த இடம் கருத்துப் போச்சுன்னா அது மூச்சு விடுற சுவர், சுண்ணாம்பு, சிலிகேட், களிமண் பெயின்ட் எல்லாம் அதுல நிக்கும். தண்ணி உருண்டு வழிஞ்சு ஓடினா மேல பிளாஸ்டிக் படலம் இருக்கு, அந்த பெயின்ட் எதுவும் நேரடியா ஒட்டாது.

பழசு தண்ணி பெயின்ட்டா எண்ணெய் பெயின்ட்டான்னு தெரியலையா, பஞ்சுல ஸ்பிரிட் (ஆல்கஹால்) நனைச்சு ஒரு மூலையில அழுத்தி தேயுங்க. பஞ்சுல கலர் ஒட்டி, சுவர் கொஞ்சம் பிசுபிசுன்னு ஆனா தண்ணி பெயின்ட். ஒண்ணுமே ஆகாம கிண்ணுனு இருந்தா எண்ணெய் பெயின்ட்னு எடுத்துக்கலாம், அது மேல புது தண்ணி பெயின்ட் நிக்கணும்னா மொதல்ல எமரி ஷீட்ல மினுமினுப்ப எடுத்துட்டு அதுக்குன்னு இருக்கிற ப்ரைமர் போட்டே ஆகணும். கருப்பு துணியால துடைச்சா மாவு மாதிரி வருதுன்னா பழைய டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ உதிருது, அதை கழுவி எடுக்காம மேல எதை அடிச்சாலும் அதோட சேந்து கழண்டு வரும்.

புதுசா பூசின சிமெண்ட் சுவர்னா கொஞ்சம் பொறுங்க, பொதுவா 28 நாள் சொல்வாங்க. உள்ள ஈரமும் சிமெண்டோட காரத்தன்மையும் இருக்கும்போதே பெயின்ட் அடிச்சா கொப்புளம் வரும், சில கலர் வெளுத்தும் போகும்.

படி 2: பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கான்னு தெரிஞ்சுக்கோங்க

இதை தாண்டி போயிடாதீங்க. புது பெயின்ட் எவ்ளோ பச்சையா இருந்தாலும் பழச சுரண்டும்போது கிளம்புற தூசு தான் முழு வேலையிலயும் பெரிய ஆபத்தா இருக்கலாம்.

ஈய வெள்ளைய கட்டடங்களோட உள்பக்கம் அடிக்கிறதை தடுக்கணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921லயே ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு. அப்படியும் அமெரிக்கா வீட்டு பெயின்ட்ல ஈயத்தை தடை பண்ணது 1978ல தான், பல நாடுகள்ல அதுக்கும் ரொம்ப பின்னாடி. இன்னமும் சட்டமே இல்லாத நாடுகள் இருக்கு. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தோட மாதிரி சட்டம் சொல்ற உச்ச வரம்பு பத்து லட்சத்துல 90 பங்கு. குழந்தைங்க மூளை வளர்ச்சிய ஈயம் நேரா பாதிக்குது, பாதுகாப்பான அளவுன்னு எதுவும் தெரிய வரலைன்னு உலக சுகாதார அமைப்பு தெளிவா சொல்லுது. அதனால வீடு பழசா இருந்தா, முக்கியமா கதவு, ஜன்னல், கிரில்ல பளிச்னு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எண்ணெய் பெயின்ட் இருந்தா, சந்தேகப்படுங்க. பெயின்ட் துண்டு ஒண்ணை லேப்ல குடுத்து பாக்கறது நம்பகமான வழி. கடையில கிடைக்கிற டெஸ்ட் கிட் ஒரு குத்துமதிப்புக்கு தான்.

ஈயம் இருந்தா உலர்வா தேய்க்காதீங்க, மெஷின் சாண்டர் போடாதீங்க, ப்ளோ டார்ச்ல சூடு காட்டி உரிக்கவே கூடாது, அந்த புகையிலயே ஈயம் வரும். உரியாம உறுதியா இருக்கிற இடத்துல தண்ணி தெளிச்சு லேசா தேய்ச்சு மேலயே மூடி அடிக்கிறது பெரும்பாலும் பாதுகாப்பானது, உரிஞ்சு விழுற இடத்துக்கு அது தெரிஞ்ச ஆள் வேணும். சின்னப் பிள்ளைங்களும் கர்ப்பமா இருக்கிறவங்களும் அந்த வேலை முடிஞ்சு ஈரத்துணியால துடைச்சு எடுக்கிற வரைக்கும் அந்த வீட்ல இருக்கக்கூடாது. விளக்கமாத்தால பெருக்கினா தூசு கிளம்பி எல்லா ரூமுக்கும் போயிடும், அதையும் பண்ணாதீங்க.

படி 3: சுவருக்கு ஏத்த வகை

இதுல தான் நிறைய குழப்பம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

*சுண்ணாம்பு.* ரொம்ப பழைய, ரொம்ப எளிமையான பூச்சு. சுண்ணாம்புக்கல்ல சுமார் 900 டிகிரி சூட்ல சுட்டு, தண்ணி ஊத்தி நீத்து, கரைச்சு அடிக்கிறது. சுவர்ல காயும்போது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைட இழுத்து திரும்ப சுண்ணாம்புக்கல்லாவே மாறுது. சூளையில எரிச்ச எரிபொருளோட புகை அதுல திரும்பி வராது, கல்லுல இருந்து போன கார்பன் மட்டும் தான் நாளடைவுல திரும்புது, விளம்பரத்துல கார்பன் கணக்கு பூஜ்யம்னு போட்டா அதை நம்பாதீங்க. ஆனாலும் பிளாஸ்டிக் இல்ல, விஓசி இல்ல, காரம் அதிகமா இருக்கிறதால பூஞ்சை லேசுல பிடிக்காது. சிமெண்ட், சுண்ணாம்பு, செங்கல், கல் சுவருக்கு சரி, பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்ச சுவருக்கு ஆகாது. பாலை விட கொஞ்சம் கெட்டியான பதத்துல மெல்லிசா மூணு நாலு கோட்டு அடிக்கணும், ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னாடி சுவரை நனைக்கணும். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெரியும், சுவரே தெரியுதேன்னு பயந்து கெட்டியா அடிச்சீங்கன்னா வெடிச்சு உதிரும், விடுங்க, காஞ்சதும் தானா வெளுக்கும். கண்ணுல பட்டா பார்வையே போற அளவு காரம், பாதுகாப்பு கண்ணாடி இல்லாம தொடாதீங்க.

*சிலிகேட் பெயின்ட்.* 1878ல ஜெர்மனியில அடால்ஃப் வில்ஹெல்ம் கெய்ம்ங்கறவர் காப்புரிமை வாங்கின முறை. பொட்டாசியம் சிலிகேட் சுவரோட கனிமத்தோட வேதியியல் ரீதியா இணைஞ்சு கல்லோட கல்லா ஆயிடுது, மேல ஒரு தோலா உக்காராததால உரியிறதுக்கு ஒண்ணுமே இல்ல. வெளிச்சுவருக்கு என்னோட முதல் சாய்ஸ் இது தான், வெயில்லயும் மழையிலயும் பல பத்தாண்டு நிக்கும். காரம் அதிகம்ங்கறதால ப்ரிசர்வேட்டிவ் போட வேண்டிய அவசியமும் இல்ல, தோல் அலர்ஜி இருக்கிறவங்க வீட்டுக்கு உள்பக்கமும் நல்லது. தூய சிலிகேட், டிஸ்பெர்ஷன் சிலிகேட்னு ரெண்டு வகை இருக்கு, ரெண்டாவதுல கொஞ்சம் அக்ரிலிக் கலந்திருக்கும், ஜெர்மன் தரக்கட்டுப்பாடு அதுக்கு 5 சதவீத வரம்பு வச்சிருக்கு. ஜிப்சம் பூச்சு மேலயும் பழைய எமல்ஷன் மேலயும் தனி ப்ரைமர் இல்லாம நிக்காது. அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடிய மூடி வச்சுக்கோங்க, தெறிச்சா அரிச்சு தழும்பு விழுந்துடும்.

*களிமண் பெயின்ட்டும் கேசீன் பெயின்ட்டும்.* களிமண் பெயின்ட் தொடவே மெத்துனு, வெளிச்சத்த வாங்கி அழகா இருக்கும். காத்துல இருக்கிற ஈரத்த சமன் பண்ணும்னு சொல்றாங்களே, அது கனமா பூசின களிமண் பூச்சுக்கு பொருந்தும், ஒரு காகித கனத்துல இருக்கிற பெயின்ட் படலம் அவ்ளோ எல்லாம் செய்யாது. தண்ணி பட்டா கறை விழும், படுக்கை ரூமுக்கும் சீலிங்குக்கும் ஓகே, பாத்ரூமுக்கு வேணாம். கேசீன் பால் புரதத்துல செய்றது, பெரும்பாலும் பொடியா வரும், அப்ப ப்ரிசர்வேட்டிவும் வேணாம், தண்ணிய லாரியில சுமந்து வர வேண்டியதும் இல்ல. கலந்தா அன்னிக்கோ மறுநாளோ அடிச்சு முடிச்சிடணும், ஓதம் உள்ள இடத்துல பூஞ்சைக்கு அது சாப்பாடு ஆயிடும்.

*தண்ணி எமல்ஷன்.* பெரும்பாலான வீட்டுக்கு நடைமுறையில இது தான் வரும், ஏன்னா பெரும்பாலான சுவர் மேல ஏற்கனவே எமல்ஷன் இருக்கு. அதை முழுக்க உரிச்சு சுண்ணாம்பு அடிக்கிறதுல வர்ற தூசு, குப்பை, உழைப்பு எல்லாத்தையும் கூட்டி பாத்தா லாபமே இல்ல. நல்ல குறைந்த விஓசி எமல்ஷன தேடி எடுத்து அது மேலயே அடிங்க, அதுல எந்த தப்பும் இல்ல.

*எண்ணெயும் நேச்சுரல் பெயின்ட்டும்.* ஆளி விதை எண்ணெய் பெயின்ட் மரத்துக்கு அருமையானது, பல வருஷம் நிக்கும், பராமரிக்கவும் சுலபம். ஆனா இயற்கைன்னு போட்டதெல்லாம் வாசனை இல்லாததுன்னு நினைக்காதீங்க. டர்பன்டைன் பைன் மரத்துல இருந்து வருது, லிமோனின் ஆரஞ்சு தோல்ல இருந்து வருது, ரெண்டுமே முழு விஓசி, அலர்ஜியும் வரலாம். ஆளி எண்ணெய் காயும்போதே அதோட வாசனை ரூம்ல பல நாள் நிக்கும். இன்னொண்ணு, இந்த எண்ணெய் பட்ட துணிய கசக்கி மூலையில போட்டா அது தானாவே சூடாகி தீப்பிடிக்கும், விளையாட்டு இல்ல, இப்படி வீடே எரிஞ்சிருக்கு. வெளியில தனித்தனியா விரிச்சு காய வைங்க, இல்லனா தண்ணியில முக்கி மூடி போட்ட இரும்பு டப்பாவுல போடுங்க.

கதவு, கிரில், ஜன்னலுக்கு தின்னர் எனாமலுக்கு பதிலா தண்ணியில கரையிற எனாமல் இப்ப நல்லாவே இருக்கு. பழைய மினுமினுப்ப தேய்ச்சு எடுத்துட்டு ஒட்டுற ப்ரைமர் போட்டா போதும். கைய தண்ணியில கழுவிக்கலாங்கறதே பெயின்டருக்கு பெரிய நிம்மதி.

படி 4: டின்ன படிக்கிறது எப்படி

விஓசின்னு போட்டு லிட்டருக்கு இத்தனை கிராம்னு ஒரு எண் இருக்கும், அதுல தான் எல்லாரும் ஏமாறுறாங்க, அதனால நிதானமா பாப்போம்.

அளவுகோலுக்கு ஐரோப்பிய யூனியன் வரம்ப வச்சுக்கலாம். 2010ல இருந்து உள்சுவர் மேட் பெயின்ட்டுக்கு லிட்டருக்கு 30 கிராம், பளபளப்பான உள்சுவர் பெயின்ட்டுக்கு 100, மரம் உலோகத்துக்கு அடிக்கிறதுல தண்ணி வகைக்கு 130, சால்வென்ட் வகைக்கு 300. அமெரிக்காவோட நாடு தழுவிய வரம்பு மேட் பெயின்ட்டுக்கே 250. அதனால 'அரசு வரம்புக்கு உட்பட்டது'ன்னு டின்ல போட்டிருந்தா எந்த நாட்டு வரம்புன்னு கேளுங்க. ஜீரோ விஓசின்னா பொதுவா லிட்டருக்கு 5 கிராமுக்கு கீழன்னு அர்த்தம், சுத்தமா பூஜ்யம்னு எடுத்துக்க வேணாம்.

அப்புறம் கணக்கு போடுற விதமே வேற வேற. ஐரோப்பாவுல அடிக்கத் தயாரா இருக்கிற பெயின்ட் ஒரு லிட்டர்ல எவ்ளோன்னு பாக்குறாங்க, அமெரிக்க முறையில தண்ணிய கழிச்சிட்டு மிச்சத்துக்கு கணக்கு போடுறாங்க, அதனால ஒரே பெயின்ட்டுக்கு ரெண்டு எண் வரும். 250 டிகிரிக்குள்ள கொதிக்கிறது மட்டும் தான் ஐரோப்பிய கணக்குல விஓசி. பெயின்ட் படலம் ஒண்ணா சேர்றதுக்கு போடுற டெக்சனால் வகை திரவம் கொதிக்கிறது சுமார் 255ல, கணக்குல வராது, ஆனா சுவர்ல இருந்து மெதுவா வாரக்கணக்குல வந்துக்கிட்டே இருக்கும். அமெரிக்க கணக்குல ஓசோன் உண்டாக்காத சில சால்வென்ட்டுக்கு விலக்கே உண்டு, அசிட்டோன் அதுல ஒண்ணு. அந்த சட்டம் எழுதினது நகரத்து காத்துக்காக, உங்க படுக்கை ரூம் காத்துக்காக இல்ல.

இதனால தான் டின்குள்ள எவ்ளோ இருக்குங்கறத விட, அடிச்ச பிறகு காத்துல எவ்ளோ வருதுன்னு அளந்த சான்றிதழ நான் அதிகம் நம்புறேன். பெயின்ட்ட ஒரு மூடின அறையில வச்சு நாள் கணக்கா காத்த அளக்குறாங்க. பிரான்ஸ்ல ஏ+ல இருந்து சி வரைக்கும் தரம் போட்டு டின்லயே ஒட்டணும்னு சட்டம், 28 நாள் கழிச்சு வர்ற அளவ வச்சு தரம், ஏ+னா ஃபார்மால்டிஹைடுங்கற கண் மூக்க எரிக்கிற வாயு ஒரு கன மீட்டர் காத்துல 10 மைக்ரோகிராமுக்கு கீழ இருக்கணும். க்ரீன்கார்ட் கோல்டும் இப்படி காத்த அளந்து குடுக்கிறது தான். ஜெர்மனியோட ப்ளூ ஏஞ்சல் 1978ல வந்தது, உலகத்துலயே முதல் சுற்றுச்சூழல் முத்திரை, 1992ல வந்த ஐரோப்பிய பூ முத்திரையும் நோர்டிக் ஸ்வானும் தயாரிப்பு, ப்ரிசர்வேட்டிவ், உழைப்பு எல்லாத்தையும் சேர்த்து பாக்குறது. எந்த முத்திரைனாலும் டின்ல இருக்கிற எண்ணை அந்த அமைப்போட இணையப் பட்டியல்ல தேடி பாருங்க, ஒரு நிமிஷ வேலை. கம்பெனியே வரைஞ்ச இலை படத்துக்கு எந்த மதிப்பும் இல்ல.

அடுத்து பாதுகாப்பு தரவுத்தாள். ஒவ்வொரு பெயின்ட்டுக்கும் 16 பகுதியா ஒண்ணு இருக்கும், கம்பெனி தளத்துல கிடைக்கும், கடையிலயும் கேட்டு பாக்கலாம். 16ம் படிக்க வேணாம், ரெண்டாவது பகுதியில ஆபத்து விவரம், மூணாவதுல என்னென்ன ரசாயனம் எவ்ளோ, ஒன்பதாவதுல விஓசி, இவ்ளோ பாத்தா போதும். ஐசோதயசோலினோன்னு முடியிற பேரு ஏதாவது இருந்தா அது தான் அலர்ஜி ப்ரிசர்வேட்டிவ். அதுல மெத்தில் ஐசோதயசோலினோன அமெரிக்க தோல் அலர்ஜி மருத்துவர் சங்கம் 2013ல 'இந்த வருஷத்து அலர்ஜி'ன்னே அறிவிச்சாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஏற்கனவே அலர்ஜி உள்ளவங்களுக்கு புதுசா அடிச்ச ரூம்ல உக்காந்தாலே முகம் சிவந்து எரியும். அப்படி யாராவது வீட்ல இருந்தா சிலிகேட்டோ பொடி பெயின்ட்டோ எடுங்க. தரவுத்தாளே தர மாட்டேங்குற கம்பெனியா, வாங்காதீங்க.

தொழில்நுட்பத் தாள்ல ரெண்டு எண் பாருங்க. ஒண்ணு ஈரத் தேய்ப்பு வகுப்பு, 1ல இருந்து 5 வரை. 200 தடவை ஈரமா தேய்ச்சும் 5 மைக்ரான் கூட தேயலைன்னா முதல் வகுப்பு. பசங்க கை படுற சுவர், நடைபாதைக்கு 1 இல்லனா 2 எடுங்க, துடைச்சு பயன்படுத்தினா சீக்கிரம் திரும்ப அடிக்க வேண்டாம். சீலிங்குக்கு 3 தாராளம். இன்னொண்ணு நீராவிய எவ்ளோ தடுக்குதுங்கற அளவு, sdன்னு போட்டு மீட்டர்ல இருக்கும், 0.14 மீட்டருக்கு கீழ இருந்தா நல்லா மூச்சு விடும், 1.4க்கு மேல போனா பிளாஸ்டிக் பை மாதிரி மூடிடும். ஓதம் வர வாய்ப்பு உள்ள சுவருக்கு இந்த எண் தான் முக்கியம்.

வாசனை இல்லாதது, கிருமிய கொல்லும், காத்த சுத்தம் பண்ணும், இந்த மூணு வாசகத்தையும் பாத்து காசு குடுக்காதீங்க. வாசனை இல்லாததால விஓசி இல்லைன்னு ஆகாது, சிலதுல வாசனைய மறைக்க வாசனையே சேக்குறாங்க. கிருமி கொல்லின்னா கூடுதல் விஷம் சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம், வெளிச்சுவர்ல அது மழையில கரைஞ்சு மண்ணுக்கும் தண்ணிக்கும் போகுது. காத்த சுத்தம் பண்றதா சொல்ற வகை பலதுக்கு புற ஊதா வெளிச்சம் வேணும், ரூமுக்குள்ள அது குறைவு, வேலை செஞ்சாலும் பைண்டரையே உடைச்சு ஃபார்மால்டிஹைடு விட வாய்ப்பு இருக்கு.

படி 5: கலர்

கலர் கலக்குற மெஷின்ல ஊத்துற சாயத்துலயும் விஓசி இருக்கலாம், முக்கியமா கிளைக்கால்ங்கற கரைப்பான் சேர்த்த பழைய வகை சாயத்துல. ஜீரோ விஓசி பேஸ் வாங்கி அடர் நீலமோ மெரூனோ கலந்தா ஜீரோ போச்சு. கலந்த பிறகு எவ்ளோன்னு கேளுங்க, சாயமும் விஓசி இல்லாததான்னு கேளுங்க. வெளிர் கலருக்கு சாயம் கம்மி, வெளிச்சத்தையும் நல்லா திருப்பி விடும், பகல்ல லைட் போட வேண்டியதும் குறையும். மண் கலர்கள், அதாவது காவி, மஞ்சள் மண், பழுப்பு எல்லாம் இரும்பு ஆக்சைடு, வெயில்ல வெளுக்காது, சுண்ணாம்பு காரத்தையும் தாங்கும். பளிச் மஞ்சள், ஆரஞ்சு எனாமல் வாங்குறீங்கன்னா ஈயம் இல்லைங்கறத எழுத்துல கேட்டு வாங்குங்க.

படி 6: அளந்து வாங்குங்க

மிச்சமாகிற பெயின்ட் தான் தேவையே இல்லாம உண்டாகிற குப்பை. 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் ரூம், உயரம் 3 மீட்டர்னு வைங்க. சுத்தளவு 15 மீட்டர், சுவர் பரப்பு 45 சதுர மீட்டர். ஒரு கதவுக்கு 2, ரெண்டு ஜன்னலுக்கு 3.6 கழிச்சா 39.4. ரெண்டு கோட்டுக்கு சுமார் 79. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வச்சா 8 லிட்டர். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். நல்லா பட்டி பார்த்து ப்ரைமர் போட்டா மூணாவது கோட்டு தேவைப்படாது, அது தான் பெரிய மிச்சம். பட்டிக்கும் ப்ரைமருக்கும் படி 4ல சொன்னதெல்லாம் பொருந்தும். மேல ஜீரோ விஓசி அடிச்சிட்டு கீழ தின்னர் ப்ரைமர் போடுறவங்கள நிறைய பாக்கலாம்.

முழுசா வாங்குறதுக்கு முன்னாடி சின்ன டப்பா வாங்கி அந்த சுவர்லயே ஒரு சதுர மீட்டர் அடிச்சு ரெண்டு நாள் பாருங்க. ஒட்டுதா, கலர் ராத்திரி லைட்ல எப்படி இருக்கு, வாசனை உங்களுக்கு ஒத்துக்குதா எல்லாம் தெரிஞ்சிடும். அலர்ஜி உள்ளவங்க வீட்ல இந்த சோதனை கட்டாயம்.

படி 7: அடிக்கும்போதும் அதுக்கப்புறமும்

எதிரெதிர் ஜன்னல திறந்து காத்து குறுக்க ஓடுற மாதிரி வைங்க. மெத்தை, திரைச்சீலை, துணிமணி எல்லாத்தையும் வெளிய எடுத்துடுங்க, அதெல்லாம் ஆவிய உறிஞ்சி வச்சுக்கிட்டு அப்புறம் வாரக்கணக்கா மெதுவா விடும். துணி மாஸ்க்கும் தூசு மாஸ்க்கும் சால்வென்ட் ஆவிய தடுக்காது, அதுக்கு கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேணும், எண்ணெய் பெயின்ட் அடிச்சா பெயின்டருக்கு அதை நீங்களே வாங்கி குடுங்க.

தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும் ஒரு மணி நேரத்துல, ஆனா எமல்ஷன் படலம் முழுசா இறுக மூணு நாலு வாரம் ஆகும். அது வரைக்கும் தேய்ச்சு கழுவாதீங்க. முதல் சில நாள் தான் ஆவி அதிகம், அப்ப அந்த ரூம்ல படுக்காம இருந்தா நல்லது. குழந்தை பிறக்கப் போற வீடுனா பல வாரம் முன்னாடியே வேலைய முடிச்சு ஜன்னல் திறந்தே வைங்க, கர்ப்பிணிய அடிக்க விடாதீங்க.

படி 8: கழுவுற தண்ணியும் மிச்ச டின்னும்

தண்ணி பெயின்ட் தானேன்னு ப்ரஷ்ஷ நேரா குழாயடியில கழுவினா அந்த பிளாஸ்டிக் துகள் எல்லாம் சாக்கடைக்கு போகுது. முதல்ல ப்ரஷ்ஷயும் ரோலரையும் டின் ஓரத்துல நல்லா வழிச்சு எடுங்க, மிச்சத்த பழைய பேப்பர்ல தேய்ங்க, அப்புறம் ஒரு வாளி தண்ணியில அலசுங்க. அந்த வாளிய ராத்திரி முழுக்க விட்டா நிறைய அடியில படியும், மேல தெளிஞ்சத அடுத்த அலசலுக்கே வச்சுக்கலாம், அடியில இருக்கிற சேத்த காய வச்சு குப்பையில போடுங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல கழுவவே வேணாம், பிளாஸ்டிக் கவர்ல காத்து போகாம சுத்தி வச்சா மறுநாள் அப்படியே எடுத்து அடிக்கலாம்.

மிச்சத்த சின்ன கண்ணாடி ஜாடிக்கு மாத்துங்க, காத்து இடம் கம்மியா இருந்தா கெடாம இருக்கும். மேல ரூம் பேரு, கலர் கோடு, தேதி எழுதி ஒட்டுங்க, பின்னாடி ஆணி அடிச்ச ஓட்டையோ கீறலோ வந்தா அந்த இடத்த மட்டும் தொட்டு விடலாம், முழு சுவரும் அடிக்க வேண்டியதில்ல. தரவுத்தாளையும் போன்ல சேமிச்சு வைங்க, அடுத்து அடிக்கிறவருக்கு அடியில என்ன இருக்குன்னு அது தான் சொல்லும். வேணவே வேணாம்னா தண்ணி பெயின்ட்ல மரத்தூளோ மண்ணோ கலந்து கெட்டியா காய விட்டு குப்பைக்கு குடுக்கலாம். தின்னர், எனாமல், டர்பன்டைன் மட்டும் எந்த காரணத்துக்கும் சாக்கடையிலயோ மரத்தடியிலயோ ஊத்தாதீங்க, மூடி இறுக்கி வச்சு ஆபத்தான கழிவு வாங்குற இடத்துல ஒப்படைங்க.